டீ கொண்டு வந்த டிரஸ்டி

கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல வக்கீல் சார். உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். டீ போட்டுட்டேன், ஆறறதுக்குள்ள குடிங்க. பத்திரம் எங்கயும் ஓடிடாது.

அன்னிக்கும் இப்படித்தான் வந்தீங்க. எங்க வீட்டுக்காரர் சிநேகிதனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவன் கம்பிய நீட்டிட்டான். பேங்க்காரங்க இந்த வீட்டையும் கீழ இருக்கிற பிரஸ்ஸையும் எடுத்துக்குவாங்கன்னு இவருக்குத் தூக்கமே போச்சு. ரெண்டையும் டிரஸ்ட் பேர்ல எழுதிட்டா ஒருத்தரும் தொட முடியாதுன்னு நீங்கதான் தைரியம் சொன்னீங்க. டிரஸ்டியா யாரப் போடறது? தம்பியப் போட்டா முழுங்கிடுவான், அண்ணனப் போட்டா அண்ணி ஆட்டி வைப்பாங்க. அந்த நேரம் பாத்து நான் டீ கொண்டு வந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணா நிமிர்ந்து பாத்தீங்களே! இவ வாயில்லாப் பூச்சி, காட்டின இடத்துல கையெழுத்துப் போடுவான்னு தோணிடுச்சு.

சிரிங்க சார், எனக்கும் சிரிப்புதான். டிரஸ்டி சம்மதம் இல்லாம விக்க முடியாது, அடகு வைக்க முடியாது, கலைக்கவும் முடியாதுன்னு நீங்களே சத்தமாப் படிச்சுக் காட்டினீங்க. நல்லா எழுதியிருக்கோம்னு உங்களுக்கே ஒரு சந்தோஷம்.

உண்மையிலேயே நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இவர் தங்கமான மனுஷன், ஆனா எதிர்ல ஒருத்தன் மூக்க உறிஞ்சினாப் போதும், பேனாவ எடுத்துடுவார். இப்ப யார் வந்தாலும், டிரஸ்டியக் கேக்கணுமேன்னு சொல்றார். வந்தவங்க வந்த வழியே போயிடறாங்க. மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கறார். பேங்க் கடனையும் ரெண்டு பேருமா மிஷின் ஓட்டியே கட்டி முடிச்சுட்டோம்.

அதான் கடன் தீந்துடுச்சே, டிரஸ்ட் எதுக்கு, கலைக்கக் கையெழுத்துப் போடுங்கன்னு கேக்கறீங்க. நியாயம்தான். இத அவரே என் மூஞ்சியப் பாத்துக் கேக்கலாமே, எதுக்கு உங்கள அனுப்பணும்? கீழ மிஷின் சத்தம் நின்னுடுச்சு, கவனிச்சீங்களா? காதத் தீட்டிக்கிட்டு நிக்கறார். எனக்கு இந்த வீடு வேணும் சார். வயசான காலத்துல யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க மாட்டேன்.

கிளம்பிட்டீங்களா? டீய மிச்சம் வச்சுட்டீங்களே. படி பாத்து இறங்குங்க.

அப்புறம் சார், உங்க மச்சினர் போன வாரம் ஓட்டல் திறப்பு நோட்டீஸ் அடிக்கணும்னு வந்தார். எந்த வீட்ட அடகு வச்சு ஆரம்பிக்கறார்னு பேச்சுவாக்குல அவரே சொல்லிட்டார், பாவம். அடகுக்கு வேற வீடு பாக்கச் சொல்லுங்க. நோட்டீஸ் நம்ம பிரஸ்லயே அழகா அடிச்சுத் தரேன். காசு மட்டும் முன்னாடியே குடுத்துடணும்.