இடது பக்கப் பேரிங்

பேரிங் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. பொறுமையும் சுத்தமான துணியும் இருந்தால் போதும். எங்கள் புல்வெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதன் மிச்சத்தையாவது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. மூடிக்குள் ஆள் நீளத்துக்கு ஓர் உருளை, அதில் வரிசையாகத் தொங்கும் இரும்புச் சுத்திகள். உருளை சுழன்றால் புல், முள், குச்சி எல்லாம் தூள்தான். இத்தனை ஆர்ப்பாட்டத்தையும் இரண்டு முனைகளிலும் தாங்குவது உள்ளங்கை அகலத்தில் இரண்டு பேரிங், உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே இரும்புக் குண்டுகள் உருளும் சாமான். வாரம் இரண்டு தடவை கிரீஸ் வைக்க வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். பதினெட்டு வருஷமாக அதைச் செய்தவன் நான். நீர்த்தேக்கக் கரையில் புல் மண்டிக் கிடந்ததாக ஒருவரும் குறை சொன்னதில்லை.

டிராக்டர் ஓட்டியவன் என் தங்கை புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவன் மேல் எனக்கு வன்மம் இருந்தால் அதைச் செய்திருப்பேனா என்று நீங்கள் யோசிக்க வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

நல்லவன். அதில்தான் தொல்லையே. அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கி வந்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். உள்ளே குண்டுகள் எப்படி ஓடுகின்றன என்று கேட்பானாம். பட்டறையில் அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். கேலியாக ஆரம்பித்தது, மூன்று மாதத்தில் மரியாதையாகிவிட்டது. மனிதர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

ஒரு நாள் இடது பக்கத்துக்குப் புதுப் பேரிங் போட்டேன். மறுநாள் காலை, சூப்பர்வைசரும் வெல்டரும் நிற்கும்போது வந்து தலையைச் சொறிந்தான்.

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. பேரிங்கை வெளி வளையத்துல அடிச்சு ஏத்திட்டீங்களோன்னு தோணுது. உள்ள ஏதோ ஒண்ணு கீறிக்கிட்டே ஓடுது."

தப்பாக நினைக்காதீர்கள் என்று ஆரம்பிப்பவர்கள், தப்பாக நினைக்க வேண்டியதை மட்டும்தான் சொல்வார்கள். பேரிங்கைத் தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில்தான் குழாயை வைத்துத் தட்ட வேண்டும். வெளியில் அடித்தால் குண்டுகள் நசுங்கிவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது. அன்றைக்கு எனக்கு அவசரம், அடித்துவிட்டேன். கழற்றிப் பார்த்தார்கள். அவன் சொன்னது சரி.

"பதினெட்டு வருஷமா சுத்தியல்தான் சர்வீஸ் பண்ணியிருக்கு போல" என்றான் வெல்டர். அன்றோடு என் பெயர் சுத்தியல். சூப்பர்வைசர் அப்படிக் கூப்பிட்டார், வாசலில் காவலுக்கு இருப்பவன் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனால் அவள் பிள்ளைகள் "சுத்தியல் மாமா வந்தாச்சு" என்று ஓடி வருகிறார்கள். "விளையாட்டுக்குத்தானேண்ணா" என்று தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்தக் காது ஒரு தடவை தப்பாகக் கேட்க வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மூடியின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். சத்தம் வந்தது. பேரிங் என்றான். மறுபேச்சில்லாமல் கழற்றித் துடைத்துச் சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை பெல்ட் மூடிக்குள் ஒரு கூழாங்கல் போதுமாக இருந்தது. மூன்றாம் தடவை சூப்பர்வைசர் கத்திவிட்டார். "உன் காதுக்காக ஊர்ல புல்லு வளராம இருக்குமா? ஒழுங்கா ஓட்டு." வெல்டர், டாக்டரையே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றான். நான்தான் அவன் தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னேன். "விடுங்க மாப்பிள்ளை. காதுன்னா சில நாள் அப்படித்தான் இருக்கும்."

அங்கேயே நிறுத்தியிருப்பேன், ஐயா. அவன் நிறுத்தவிடவில்லை. வெல்டர் சொன்னதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, அரைநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். சாயங்காலம் அந்தக் காகிதத்தோடு என் வீட்டுக்கே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"காது முழுசா சரியா இருக்காம், மச்சான். பயந்தே போயிட்டேன்."

அந்த நசுங்கிய பேரிங்கை நான் தூக்கி எறியவில்லை. துணியில் சுற்றி என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன். மறுநாள் அதை எடுத்து இடது பக்கத்தில் போட்டேன், இந்தத் தடவை முறைப்படி, உள் வளையத்தில் குழாய் வைத்து. முதல் ஓரிரு நாள் சத்தம் அமுங்கியிருக்கட்டும் என்று கிரீஸைத் தாராளமாக வைத்தேன். அதே வாரம், ஓடும் மெஷின் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்று நானே ஒரு காகிதம் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினேன். என் கடமையில் குறை வைக்கவில்லை. அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவனால் விட முடியாது என்பது எனக்குத் தெரியும். மூன்று தடவை அவமானப்பட்டவன், நாலாம் தடவை வாயைத் திறக்கும் முன் இன்னும் கிட்டப் போய், இன்னும் அதிக நேரம் கேட்பான் என்பதும் தெரியும்.

பேரிங் போட்ட மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பட்டறைக்கு வந்தான். "மச்சான், இடது பக்கம் முனகுற மாதிரி இருக்கு. சூப்பர்வைசர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து கேளுங்களேன். நீங்க சொன்னா நான் நம்பிடுவேன்."

"எனக்கு என்ன தெரியும், மாப்பிள்ளை. சர்டிபிகேட் வாங்கின காது உங்களோடது. நல்லா கிட்டப் போய்க் கேளுங்க" என்றேன்.

போனான். பத்து நிமிஷம் இருக்கும். உருளையின் தண்டு பேரிங் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. துணியோடு முதலில் கரை மேல் ஓடியவன் நான்தான். துணிக்கு வேலை இருக்கவில்லை. தங்கை இன்றுவரை என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லையென்றால் நாங்கள் என்ன ஆவோம் அண்ணா என்று அழுகிறாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

யாருமே சந்தேகப்படாதபோது நானாக ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். உங்கள் விசாரணை அறிக்கையைப் பட்டறையில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் நாலாவது வரி, 'பேரிங் பழுதடைந்ததைப் பராமரிப்பாளர் கவனிக்கத் தவறினார்.' வெல்டர் அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினான். பதினெட்டு வருஷ வேலைக்கு இப்படி ஒரு பெயர் எடுத்துக்கொண்டு நான் போக முடியாது. அந்த வரியை அடித்துவிடுங்கள், ஐயா. நான் எதையும் கவனிக்கத் தவறவில்லை. அன்று காலை ஒன்பதரைக்கு, மெஷின் கரையின் அந்தக் கோடியில் இருந்தபோதே, பட்டறைக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த முனகல் துல்லியமாகக் கேட்டது. அவன் வந்தது பத்து மணிக்கு. அவனுக்கு முன்னால் எனக்குத்தான் கேட்டது, இதை எழுதிக்கொள்ளுங்கள்.