பதினேழும் பதினெட்டும்

என் கையெழுத்து அழகாக இருக்கும் சார். அதனால்தான் பெயர்ப் பட்டியலை டாக்டர் என்னிடம் ஒப்படைத்தார்.

2009இல் எங்கள் திருப்பதி ஆஸ்பத்திரியில் நுரையீரல் புற்றுநோய்க்கான ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்த்தோம். கட்டியில் குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு மட்டுமே அது கேட்கும். "மத்தவங்களுக்குக் கொடுத்தா கல்லுக்குத் தண்ணி ஊத்தற மாதிரிதான், பத்மினி" என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். குறித்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து பரிசோதனை முடிவுகள் வெறும் எண்களோடு வரும். எந்த எண் யாருடையது என்பது என் பட்டியலில் மட்டும்தான் இருக்கும். மாத்திரைச் சோதனையில் கடைசியாக ஓர் இடம் மிச்சமிருந்தது. பதினேழு, நகரியில் விசைத்தறி ஓட்டும் தாட்சாயணி, மாற்றம் உண்டு. பதினெட்டு, கோவர்த்தனன், இல்லை.

கோவர்த்தனன் என் தம்பி. சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை.

"யக்கா, அந்த மாத்தர கெடச்சா பொழச்சிக்குவேன். பொண்ணுங்க ரெண்டும் சின்னதுங்க" என்றான்.

இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன். அடித்தல் திருத்தல் கிடையாது. பக்கத்தையே புதிதாக எழுதினேன். தாட்சாயணிக்குத் துணையாக ஒருவரும் வந்ததில்லை என்பதையும் யோசிக்காமலில்லை. இடமில்லை என்று அவளிடம் நானேதான் சொன்னேன்.

"இன்னாம்மா பண்றது" என்றாள். "உன் மூஞ்சி ஏன் வாடிக் கெடக்குது? எதனா துன்னியா?"

மாத்திரைக்காகத் தம்பியின் கீமோவை நிறுத்தினார்கள். அதில் கட்டி கொஞ்சம் சுருங்கிக்கொண்டு வந்தது உண்மைதான். மூன்றாம் மாதம் போய்விட்டான்.

"அந்த எடத்துக்கு வேற யாராவது இருந்தா சேர்க்கலாம்" என்றார் டாக்டர். தாட்சாயணி அப்போது உயிரோடுதான் இருந்தாள். பட்டியலைத் திருத்தியிருந்தால் அந்த வாரமே மாத்திரை கிடைத்திருக்கும். ஆனால் இல்லையென்று சொல்லி அனுப்பியவளுக்கு மறுபடி ஆசை காட்டுவது சரியாகப் படவில்லை. யாருமில்லை என்றேன்.

வாராவாரம் போன் செய்து இருமல் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். ஏழு வாரம் அவளே எடுத்தாள். எட்டாவது வாரம் வேறு யாரோ எடுத்துச் சொன்னார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். இரண்டு பேரில் ஒருவரையாவது காப்பாற்றத்தான் நான் பார்த்தேன்.