வௌவாலுக்குக் கொடுத்த குகை

இந்த அறை பதினொன்றரை அடி நீளம் இருக்கும், ஐயா. தொழில் புத்தி, எங்கே உட்கார்ந்தாலும் கண் அளக்கத் தொடங்கிவிடும். வீடியோ கேம்களுக்கு இடங்களை உருவாக்குவது என் வேலை.

நான் கடைசியாக உருவாக்கிய குகை நிஜத்திலும் இருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னால், போருக்குப் பயந்து ஓர் ஊரே அதற்குள் ஒளிந்து வாழ்ந்ததாம். மூன்று வருடம் அதை அங்குலம் அங்குலமாக அளந்து எங்கள் கேமில் கட்டினேன். மூன்றாவது தூணுக்குப் பின்னால் அவர்கள் வெட்டிய தண்ணீர்க் குழியைக்கூட விடவில்லை. அறுபது அடி ஆழம். இப்போது வறண்டு கிடக்கிறது.

என் தங்கையின் கணவருக்கும் எங்கள் அலுவலகம்தான். வெளியிடுமுன் கேமை விளையாடிப் பிழை கண்டுபிடிப்பவர். திரையை அணைத்துவிட்டு, காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டே என் குகையைக் கடந்துவிடுவார். அதனால் வௌவால் என்று பெயர். கலகலப்பான ஆள். போன வருடம் அவர்கள் கல்யாண வரவேற்பில், “மச்சான் மூணு வருஷமா ஒரு பொந்துக்குள்ளதான் குடும்பம் நடத்துறாரு” என்று மைக்கில் சொன்னார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

போன மாதம் அவர், குகை சலிப்பூட்டுகிறது, எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலாளியும் தலையாட்டிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் பொறுமையாகத்தான் பேசினேன்.

“நிஜக் குகைய ஒரு தடவ வந்து பாருங்க மாப்ள. அப்புறம் தூக்கிடலாம்.”

குகை வாசலில் இருந்த காவலாளி எங்களோடு வர எழுந்தார். “நீங்க உக்காருங்கண்ணே. இத அளந்ததே நான்தான்” என்றேன். அது பொய்யில்லையே.

உள்ளே அவர் முதல் இரண்டு தூண்களையும் தொட்டுப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

“அச்சு அசலா செஞ்சிருக்கீங்க மச்சான். நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஆபீஸ் போனதும் மாத்தி எழுதிடறேன்.”

நன்றி சொன்னேன். நிஜமாகவே மனம் குளிர்ந்தது.

“விளக்க அணைங்க, கண்ணால பாக்காமலே கடந்து காட்டுறேன்” என்றார். அவர் கேட்டார், அணைத்தேன். காலடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தார். இருபத்து மூன்று வரை கேட்டது.

நான் தள்ளவில்லை, ஐயா. தொடக்கூட இல்லை. கேமின் என் பிரதியில் குழி இன்றும் இருக்கிறது. சோதனைக்காக அவருக்குக் கொடுத்த பிரதியில் மட்டும் அதை மூடித் தரையாக்கியிருந்தேன். அந்தத் தரையில் நூறு தடவையாவது நடந்திருப்பார்.

தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடுவாள். குகையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

குழியை மூடிய தேதி அவள் கல்யாண வரவேற்புக்கு மறுநாள் என்று கம்ப்யூட்டர் காட்டுகிறதா? இருக்கலாம். அன்றைக்கு அலுவலகத்தில் எனக்கு வேறு வேலை இல்லை.