உள்ளங்கைத் தண்ணீர்

குழிக்குள் நின்று வேலை செய்பவனுக்குத் தெருவில் போகிறவர்களின் முகத்தைவிடச் செருப்புதான் அதிகம் பழக்கம், ஐயா. புது இணைப்புக் கேட்டிருந்த அந்தப் பெண்ணின் செருப்பில் ஒரு வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. மூன்று மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழியோரம் வந்து நின்றாள்.

"மெயினை நிறுத்தாமலாண்ணே ஓட்டை போடுறீங்க? பீய்ச்சி அடிக்காதா?"

"அடிக்கும்மா. அடிக்காம பார்த்துக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றேன். சிரித்தாள்.

அழுத்தத்தோடு தண்ணீர் ஓடுகிற குழாயில், ஓட்டத்தை நிறுத்தாமலே புது வீட்டுக்கு இணைப்புக் கொடுப்பது என் தொழில். குழாயைச் சுற்றிப் பட்டை மாட்டி, போல்ட்டை இறுக்கி, வால்வு வழியாகத் துளை போட வேண்டும். பத்தொன்பது வருடம் செய்திருக்கிறேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இணைப்புக் கொடுத்தவன் வீட்டுக் குழாயைத் திறந்து, முதல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து, வீட்டுக்காரர் பார்க்கக் குடிக்க வேண்டும். அன்றும் குடித்தேன். குளோரின் வாடை இல்லை. நாக்கில் லேசாக உப்பு.

அந்தத் தெருவில் இரண்டு குழாய்கள் ஒன்றை ஒட்டி ஒன்று போகின்றன. ஒன்று குடிநீர். மற்றது, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பூங்காக்களுக்கு அனுப்புவது. எது எது என்று சாலையில் பெயின்டால் குறி போட்டவனும் நான்தான். குறியைத் தப்பாக மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று அந்த ஒரு வாயிலேயே தெரிந்துவிட்டது.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

அந்த வாரம்தான் போர்மேன் பதவிக்கு என் பெயர் மேலே போயிருந்தது. என் சகலை போர்மேனாகி ஆறு வருடமாகிறது. வீட்டுக்கு வரும்போதெல்லாம், "என்ன சகலை, இன்னும் குழியை விட்டு ஏறலையா? மேல காத்து நல்லா வருது" என்பார். என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். இந்த முறை அவளே தன் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். குறி தப்பியது தெரிந்தால் எல்லாம் போச்சு.

திருத்தச் சாலையை மறுபடி வெட்ட வேண்டும். வெட்ட உத்தரவு வேண்டும். உத்தரவில் காரணம் எழுத வேண்டும். போர்மேனாகிவிட்டால் நானே எழுதி, நானே கையெழுத்துப் போடலாம். நாற்பது நாள் விஷயம். காத்திருப்பதுதான் நியாயமாகப் பட்டது.

பத்தாம் நாள் அவள் என்னைத் தெருவில் பார்த்து நிறுத்தினாள். தாய்ப்பால் போதவில்லையாம், புட்டிப்பால் கொடுக்கிறாளாம். தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறதே, பால்பவுடர் கரைக்கலாமா என்றாள். கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

கொதித்தால் கிருமி சாகும். அந்தக் குழாய்த் தண்ணீரில் உள்ள நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டிப்படும். பெரியவர்களை அது அவ்வளவாக ஒன்றும் செய்யாது. பால்குடிக் குழந்தைக்கு ரத்தம் கெட்டு உதடு நீலம் பாரிக்கும். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் வகுப்பில் தூங்குகிறவன் இல்லை.

இருபத்தாறாம் நாள் உதடு நீலமானது. டாக்டருக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். எங்கள் அலுவலகத்துக்கு எழுதினார். மாதிரி எடுத்துவர என்னையே அனுப்பினார்கள்.

அவள் கணவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கதவைத் திறந்துவிட்டு உடனே திரும்பி ஓடினான். வீட்டில் நான் மட்டும். மேடை மேல் பால்புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மாதிரி பாட்டிலை நிரப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கொட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக் குழாயில் நிரப்பினேன். அந்த வீட்டம்மா, "பாப்பா எப்படிப்பா இருக்கா?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய இணைப்பு அது, நல்ல தண்ணீர்.

தண்ணீரில் குறையில்லை என்று முடிவு வந்தது. டாக்டர் இதயத்தில் கோளாறு தேட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் குழந்தை மூன்றே நாளில் தேறி வீட்டுக்கு வந்தது. இந்த முறை அவள் பயந்துபோய், முன்பைவிட அதிக நேரம் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறாள். ஐந்தாம் நாள் குழந்தை இறந்துவிட்டது.

முப்பத்தெட்டாம் நாள் எனக்குப் போர்மேன் பதவி உத்தரவு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து நான் போட்ட முதல் கையெழுத்து அந்தச் சாலையை வெட்டத்தான். காரணம் என்ற இடத்தில் 'முன்னெச்சரிக்கை' என்று எழுதினேன். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்திருக்கிறீர்கள். பரவாயில்லை. இணைப்பை மாற்ற இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாமான்களை எடுத்து வைக்கும்போது கிட்டே வந்தாள்.

"அண்ணே, நான் சரியாக் கொதிக்க வைக்கலையோ?"

உன் மேல் தப்பில்லை என்று சொன்னால் வேறு காரணம் தேடி அலைவாள். பெற்றவள், மனது ஆறாது.

"இருக்கலாம்மா. அதையே நெனச்சு உடம்பைக் கெடுத்துக்காதே" என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஐயா. அவளுக்கு ஒரு ஆறுதல் கிடைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.