கட்டிலுக்குக் கொதிதண்ணி

— அந்தத் தலையணையையும் கொண்டுபோய் வெயில்ல போடு, கதீஜா. தையல் ஓரத்துலதான் அதுங்க குடும்பம் நடத்துது.

— போட்டாச்சு மச்சான். மெத்தை, தலையணை, பாய் எல்லாம் மொட்டை மாடியில காயுது. கட்டிலையும் கழட்டிட்டேன். சட்டத்துச் சந்துல கொதிதண்ணி ஊத்தினதும் கொத்துக் கொத்தா விழுது, வந்து பாருங்க.

— இன்னொரு தரம் ஊத்து. ஊத்திட்டு மண்ணெண்ணெய் தடவு. ஒரு மூட்டைப்பூச்சிகூட மிஞ்சக் கூடாது, நான் சொல்றேன்ல.

— இத்தனை வருஷமா மிஞ்சித்தானே இருந்துச்சு. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உட்கார்ந்து சொறிஞ்சேன். ‘ஜாலான் புசார் தெருவுல எந்த வீட்டுல மூட்டைப்பூச்சி இல்ல, பேசாம படு லா’ன்னு சொன்னீங்க.

— அப்போ கடையில வேலை தலைக்கு மேல இருந்துச்சு.

— இப்ப கடையை யாக்கூப் அண்ணன்கிட்ட விட்டுட்டு, காலையிலேருந்து கரி அடுப்பு ஊதுறீங்க. புது இலவம்பஞ்சு மெத்தை கீழ வந்து இறங்கியிருக்கு. கொசுவலைகூட வாங்கியிருக்கீங்க, ஓரத்துல பூப் போட்டது. யாருக்கு?

— வீட்டுக்குத்தான்.

— வீட்டுக்குன்னா எனக்கும் சேர்த்தா?

— சரி, கேட்டுக்க. ஊர்லேருந்து ஜரீனா வர்றா. இன்னைக்குச் சாயங்காலம் கப்பல்.

— தெரியும். யாக்கூப் அண்ணன் பொண்டாட்டி முந்தாநாளே சொல்லிட்டாங்க. நீங்களா வாயைத் தொறந்து சொல்றீங்களான்னு பார்த்தேன்.

— மூத்தவளுக்குப் புருஷன் முகத்தைப் பார்க்கணும்னு இருக்காதா? கொஞ்ச நாள்தான். பார்த்துட்டுப் போயிடுவா.

— தாராளமாப் பார்க்கட்டும். நான் எங்க இருப்பேன்?

— அதைத்தான் சொல்ல வந்தேன். உன் துணிமணியை மூட்டை கட்டு. இந்த மண்ணெண்ணெய் வாடை அடங்குற வரைக்கும் கேலாங்ல உன் அக்கா வீட்டுல இரு.

— வாடை எனக்குத்தான் ஆகாதா? அவங்களுக்கு ஒத்துக்குமா?

— கதீஜா, அவளுக்கு உன்னைப் பத்தித் தெரியாது. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நாலு பேர் முன்னால நிக்காஹ் பண்ணின பொண்டாட்டிதான் நீ, அதை நான் இல்லேன்னா சொல்றேன்? ஆனா அவ கண்ணுல உன் சாமான் எதுவும் படக் கூடாது. சீப்பு, வளையல், ஹேர்ப்பின், எதுவும்.

— பூச்சியைத் தேடுற மாதிரி என்னையும் சந்து சந்தாத் தேடித் துடைக்கிறீங்க.

— கோபப்படாதே லா.

— கோபம் இல்ல மச்சான், பொறாமை. ஒளிக்காமச் சொல்றேன், வயிறு எரியுது. அவங்க முகத்தை நான் பார்த்ததே இல்ல. ஆனா பெருநாளுக்குப் பெருநாள் அவங்களுக்குச் சேலை எடுக்க சிராங்கூன் ரோட்டுக்கு என்னைத்தானே கூட்டிட்டுப் போவீங்க. ஜரீனா நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும்னு சொல்வீங்க, நான் மடிச்சுக் கட்டித் தருவேன். என் நிறத்துக்கு எது எடுப்பா இருக்கும்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?

— ஏன், உனக்கும் வாங்கிக் கொடுத்தேனே. அந்தச் சிவப்பு பாத்தேக் கைலி.

— ஆமா, தண்ணியில போட்டாலே சாயம் ஓடுதுன்னு சொன்னேன். சிரிச்சீங்க.

— வேற நல்லதா வாங்கித் தர்றேன், நான் சொல்றேன்ல. இப்ப மூட்டையைக் கட்டு.

— கட்டிட்டேன். படிக்கட்டுகிட்ட இருக்கு, பாருங்க. அக்கா வீட்டுக்காரர் ட்ரைஷா வண்டி கொண்டாறேன்னு சொல்லியிருக்காரு.

— கட்டிட்டியா? அப்பாடா. நீ ஒப்பாரி வச்சு ஊரைக் கூட்டுவியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.

— ஊரைக் கூட்டி என்ன ஆகப்போகுது. போட்டிருக்கிற சட்டையையும் கழட்டுங்க. கட்டிலைத் தோள்ல தூக்கினீங்கல்ல, காலர் மடிப்புல பூச்சி ஏறியிருக்கும். துண்டைக் கட்டிக்குங்க.

— இந்தா. அலமாரியில இருந்த மத்த துணியெல்லாம்?

— ஒண்ணு விடாம வழிச்சு எடுத்தாச்சு. துணியையும் கொதிக்க வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. கீழ் வீட்டுச் சீனர்கிட்ட பெரிய டின் இரவல் வாங்கி, காலையிலேயே அடுப்புல ஏத்திட்டேன். இதோ, இதையும் முக்கியாச்சு.

— சரி, நான் குளிச்சுட்டுக் கிளம்புறேன். கப்பல் துறைமுகத்துக்கு வர்ற நேரமாச்சு. அந்த வெள்ளைச் சில்க் சட்டை காஞ்சிருக்குமா?

— நல்லாவே காஞ்சிருக்கும். கொடியில தொங்குது, எடுத்துக்குங்க.

— கொடியில உன் துணிதானே தொங்குது? எல்லாம் சிவப்பா இருக்கு. என் சட்டை ஒண்ணையும் காணோமே.

— நல்லாப் பாருங்க மச்சான். காலர் தெரியுது, பை தெரியுது. அத்தனையும் உங்க சட்டைதான். என் பாத்தேக் கைலியும் அதே டின்லதான் கொதிச்சது.

— என்ன காரியம் பண்ணியிருக்கே கதீஜா. நான் எதைப் போட்டுக்கிட்டுப் போவேன்? யாக்கூப் சட்டைகூட எனக்குப் பத்தாதே.

— அந்தச் சிவப்புச் சட்டையையே போட்டுக்கிட்டுப் போங்க. இந்த ஊர்ல யார் உங்க துணியைத் துவைக்கிறாங்கன்னு அவங்க கேட்பாங்கல்ல, அப்ப என் பேரைச் சொல்லுங்க.