கசிவு கண்டுபிடிக்கும் முறை

பெயிண்ட்பால் துப்பாக்கியில் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒரு பழைய டூத்பிரஷ், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். வேலை எப்படி நடக்கும் என்று எழுதித் தரும்படி நீங்கள்தான் கேட்டீர்கள், சார். தமிழிலேயே எழுதுங்கள், கன்னடத்தில் மாற்றிக்கொள்கிறோம் என்றீர்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

சிலிண்டரைத் துப்பாக்கியில் திருகியதும் உஸ்ஸென்று சத்தம் வந்தால், பெரும்பாலும் சிலிண்டர் வாயிலிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். மாற்றினால் சரியாகிவிடும். இணைப்புகளில் கசிந்தால் சோப்பு நுரை குமிழாக எழும்பிக் காட்டிக்கொடுக்கும். குழல் வழியாகக் கசிவதுதான் சிக்கல். காற்றை உள்ளே அடைத்து வைக்கும் சீல் கெட்டிருந்தால், சத்தமே இல்லாமல் குழல்வாய் வழியே போய்க்கொண்டிருக்கும். அதற்கு நான் கன்னத்தை ஈரமாக்கிக் குழல்வாயருகே கொண்டுபோவேன். சில்லென்று படும். பீன்யா தொழிற்பேட்டையில் காற்று வால்வு செய்யும் கம்பெனியில் பதினான்கு வருடம் சோதனை மேசையில் இருந்தவள் நான். மெஷின் இரைச்சலில் அங்கே காது உதவாது. ஈரக் கன்னம்தான் உதவும்.

ஆனால் வால்வு வேறு, துப்பாக்கி வேறு. கன்னம் வைக்குமுன் பெயிண்ட் குண்டுகள் இருக்கும் ஹாப்பரைக் கழற்ற வேண்டும். பிறகு மணல் மூட்டையைப் பார்த்து மூன்று முறை சுட்டு, உள்ளே மிச்சமிருப்பதைக் காலி செய்ய வேண்டும். சீல் கெட்ட துப்பாக்கி சில நேரம் விசையைத் தொடாமலே சுட்டுவிடும்.

கம்பெனி மூடியபின் தேவனஹள்ளி சாலையில், சாயக் குண்டால் சுட்டு விளையாடும் அந்தப் பெயிண்ட்பால் மைதானத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே இருபத்தெட்டு துப்பாக்கிகள். ஒவ்வொன்றின் குணமும் எனக்குத் தெரியும். உமேஷ் அப்போது விளையாட வருகிறவர்களுக்கு விதிமுறை சொல்லி ஜாக்கெட் மாட்டிவிடுகிறவன். ஆள் இல்லாத நேரத்தில் மேசையருகே வந்து நிற்பான். "அக்கா, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா" என்பான். சொல்லிக்கொடுத்தேன். கன்னம் வைப்பது அவனுக்குப் பிடித்துவிட்டது. காலி செய்வதை மட்டும் "ஆமாக்கா ஆமாக்கா" என்று கேட்டுக்கொண்டு செய்யாமல் விடுவான்.

போன ஜூனில் மைதானத்தின் உரிமையாளர் ப்ரஹ்லாத் சார் என்னைக் கூப்பிட்டார். "தனக்கோடி, இனிமே கன் எல்லாம் உமேஷ் பாத்துப்பான். நீங்க மாஸ்க், ஜாக்கெட் வாஷிங் பாத்துக்கோங்கோ. கஸ்டமர்ஸ் வரச்சே ஒரு லேடி ஸ்பேனரும் கையுமா உக்காந்துண்டிருந்தா அவாளுக்கு கான்ஃபிடன்ஸ் வரமாட்டேங்கறது." மரியாதையாகத்தான் சொன்னார்.

உமேஷ் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருநாள் சாஃப்ட்வேர் கம்பெனிக் கூட்டம் ஒன்று வந்திருந்தது. குழலைக் கன்னத்தருகே வைத்துக் காட்டி, "இது என் ஓன் டெக்னிக் சார்" என்றான். நான் பின்னால் ஈர ஜாக்கெட்டுகளோடு நின்றிருந்தேன். அவங்களும் டெக்னீஷியனா என்று ஒருவர் கேட்டார்.

"அய்யோ, எங்க அக்கா வாஷிங் மெஷின் சார். கரண்டே வேணாம், ரெண்டு டீ ஊத்துனா ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு மாதமாக அவன் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் நான். ஆட்டம் முடிந்து வரும் துப்பாக்கிகளை அவன் மேசைக்குப் போகுமுன் நானே மணல் மூட்டையில் காலி செய்து வைப்பேன். அது என் வேலை இல்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை, கவனித்ததாகவும் தெரியவில்லை. நன்றி வேண்டாம், கவனித்திருந்தால் போதும்.

அந்தச் சனிக்கிழமை, பதினேழாம் எண் துப்பாக்கியில் காற்று நிற்கவில்லை என்று காலையில் விளையாடியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அதை மட்டும் நான் காலி செய்யவில்லை. என் வேலை இல்லாத ஒன்றை ஒரு நாள் செய்யாமல் விட்டது குற்றமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்டதால் முழுவதும் எழுதுகிறேன். பதினேழின் சீலை முந்தின நாள் நகவெட்டி முனையால் கீறியது நான். ஆட்டத்தில் மிச்சமான குண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்று உங்கள் ஸ்டேஷன் ஆள் எழுதிக்கொண்டு போனார். தங்கவில்லை. அதை நான்தான் போட்டேன். உமேஷ் நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்த, கண்ணைக் காக்கும் மாஸ்க்கை, "குடு, கழுவணும்" என்று வாங்கிக்கொண்டதும் நான்தான். மாஸ்க் கழுவுவது என் வேலை.

கன்னம் வீங்கும், ஒரு வாரம் கறுத்திருக்கும், இதை யாரிடம் கற்றாய் என்று யாராவது அவனைக் கேட்பார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். குழலுக்குள் எட்டிப் பார்ப்பான் என்று நினைக்கவில்லை. இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி விஜி எனக்குத்தான் முதலில் போன் செய்து அழுதாள். "அவரு உங்கள நம்பித்தானே அங்க இருக்காரு, நீங்க பாத்துக்கிட்டு இருக்கக் கூடாதாக்கா?" என்றாள்.

அவளிடமும் ப்ரஹ்லாத் சாரிடமும் ஒன்றையேதான் சொன்னேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். மேசை அவனுடையது என்று ஆனபின், கேட்காத இடத்தில் போய்ச் சொல்வது மரியாதை இல்லை. அவன் கேட்கவே இல்லை.

அந்த வரி சரியில்லை, அடித்துவிடுங்கள். குழலைத் தூக்குமுன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, எப்பவும் போல காலி பண்ணிட்டீங்க இல்ல?"

"பண்ணிட்டேன், பாரு" என்றேன்.