பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு

– அப்ப சுபைஹாவும் கெளம்ப வேண்டியதுதான். வேற வழியே கெடையாது, ஹிலாலா. உன்னை சுவைலிமுக்குக் கொடுத்துத்தானே அவன் தங்கச்சியை உன் அண்ணனுக்கு எடுத்தோம்? ஒருத்தி புருஷனை விட்டுட்டு வந்தா, இன்னொருத்தியையும் அவங்க கூப்பிட்டுக்குவாங்க.

– மெதுவா பேசு உம்மா. மதினி வெளியில ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்காங்க.

– காதுல விழட்டும். காலையிலயே அவ வாப்பா ஆள் விட்டுட்டாரு. மத்தியானம் வண்டி வருதாம்.

– இன்னிக்கேவா? நான் நேத்து சாயங்காலம்தானே வந்தேன்!

– நீ வர்றதுக்கு முன்னாடியே சேதி வந்துருச்சு. இங்க காத்தைவிட அதுக்குத்தான் வேகம். அப்படி என்னதான் செஞ்சான் அவன்? அடிச்சானா? பட்டினி போட்டானா?

– ரெண்டாவதா ஒருத்தியைக் கொண்டுவந்துட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

– இவ்வளவுதானா! உன் வாப்பாவும்தான் கொண்டுவந்தாரு. அந்தக் கல்யாணத்துக்குக் காப்பிக் கொட்டை வறுத்து இடிச்சவளே நான்தான்.

– இடிக்கும்போது அழுதியா இல்லையா?

– அடுப்புப் புகைக்கு யாருக்குத்தான் கண்ணு கலங்காது? எங்க காலத்துல பொம்பளைன்னா கூடாரத்துக்கு நடுக்கம்பு. இங்க நிக்கப் பிடிக்குதான்னு கம்புகிட்ட யாரு கேட்டா?

– இதை உன் பேத்தி ராயாகிட்ட சொல்லிப் பாரேன்.

– அவகிட்ட வாயைக் கொடுத்து மீள முடியுமா? படிக்கன்னு பீர் ஸபா டவுனுக்குப் போறாளே, போன வாரம் சொல்றா: ‘என்னையும் யாருக்காவது மாத்தி விட நெனச்சீங்க, பஸ் ஏறினவ திரும்பி வரமாட்டேன்’னு. எல்லாம் அவ உம்மா சுபைஹா கொடுக்குற இடம்.

– மதினியை ஒண்ணும் சொல்லாதே உம்மா. நானே அவங்க குடியைக் கெடுத்துட்டு உக்காந்திருக்கேன்.

– ஹிலாலா, இப்பத்தான் சுட்டுக் கொண்டுவந்தேன், ஆறுறதுக்குள்ள சாப்பிடு. இந்தா, நெய்யைத் தொட்டுக்கோ.

– வேணாம் மதினி. அண்ணன் எங்க?

– ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

– உங்களை அனுப்பமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?

– அவரு என்னிக்கு என்ன சொன்னாரு? சாப்பிடு.

– உங்க கையால வாங்கித் தின்னவே கூசுது. பையனுங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுத்தானே போகணும் நீங்க?

– அவனுங்களுக்கு மீசை முளைச்சாச்சு. ரொட்டி சுடத்தான் தெரியாது. கத்துக்கட்டும்.

– ராயா?

– அவ என்கூடத்தான் வருவா. எவன் தடுக்குறான்னு பாக்குறேன்.

– நீங்க இப்படிச் சாதாரணமா பேசாதீங்க. என்னைத் திட்டிடுங்க மதினி. ரெண்டு அறை விட்டாகூட வாங்கிக்கிறேன்.

– உன்னை எதுக்குடி திட்டணும்? என் கூடப்பிறந்தவன் லட்சணம் எனக்குத் தெரியாதா?

– பாத்தியா உம்மா? இந்த மனுஷியையா நான் வீட்டைவிட்டுக் கெளப்புறது? வேணாம். நான் திரும்பிப் போறேன். அந்தப் புதுசோட ஒரே வாசல்ல கெடந்துட்டுப் போறேன். சுவைலிமுக்கு போன் போடு.

– அல்ஹம்துலில்லாஹ்! இப்பதான் என் வயித்துல பாலை வார்த்தே. சுபைஹா, மூட்டையைப் பிரிச்சு வை நீ.

– யாரும் போன் போட வேணாம், மாமி.

– ஏன்? உன் ரோஷத்தை அப்புறம் பாத்துக்கலாம். அவளே போறேங்கிறாளே!

– எனக்காக விட்டுக்கொடுக்காதீங்க மதினி. இத்தனை வருஷம் நான் அங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததே உங்களுக்காகத்தான். நான் எந்திரிச்சு வந்தா உங்க நல்ல வாழ்க்கை போயிடுமேன்னு.

– எனக்காகவா இருந்தே?

– ஆமா. இனிமேலும் இருந்தா செத்தா போயிடுவேன்?

– போகாதே ஹிலாலா. உன் காலைப் பிடிக்கிறேன்டி. நீ என்னிக்காவது அவனை விட்டுட்டு வந்துட மாட்டியா, எனக்கும் ஒரு விடுதலை கெடைக்காதான்னுதான், வந்த நாள்ல இருந்து நான் இந்த வீட்டுல உக்காந்து வழியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.